மெஷின் தண்ணி

கெட்டிலில் வினிகர் கொதிக்கிறது. ஜன்னல்களைத் திறந்து வைத்திருக்கிறேன், மின்விசிறியை முழு வேகத்தில் ஓட விட்டிருக்கிறேன், இருந்தும் வீடு முழுக்க அந்தப் புளித்த நெடி. வசந்தா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள். தில்லியில் எங்கள் ஜனக்புரித் தண்ணீர் உனக்குத் தெரியுமே. டீக்குத் தண்ணீர் வைத்து வைத்துக் கெட்டிலின் அடியில் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளை ஏறிவிடுகிறது. அவ்வப்போது வினிகரை ஊற்றிக் காய்ச்சினால்தான் உரிந்து வரும். சாதாரண வீட்டு வேலை. ஆனால் இந்த நெடி மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றுகொள்கிறாய், கையில் ரப்பர் குழாயோடு, முகத்தில் அந்தச் சிரிப்போடு. செத்த பிறகும் என்னை நிம்மதியாக ஒரு கெட்டில் கழுவ விடமாட்டாயா?

அது போதாதென்று சற்று முன் போன் வேறு. யமுனைக் கரைப் படகு நிலையத்தில் உன் இடத்துக்கு வந்திருக்கிறானே பிரமோத், அந்த ஹரியானாக்காரன், அவன்தான் பேசினான். "அங்கிள்ஜி, இஞ்சின் பஹுத் கரம் ஹோ ரஹா ஹை, ரொம்பச் சூடாகிறது. ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் அலாரம் அடிக்கிறது" என்றான். தண்ணீர் இழுக்கும் பம்பைப் பார்த்தாயா என்றேன். புதிதாக மாற்றிவிட்டானாம். ஓடி முடித்ததும் என்ஜினைக் கழுவுகிறாயா என்றேன். "தினமும் கழுவுகிறேன். உங்கள் மத்ராசி சாப் கழுவிய மாதிரியே, அதே நீல டிரம்மில்."

நீல டிரம் என்று அவன் சொன்னதும் எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. அந்த டிரம்மோடு நான் பட்ட பாடு போதாதா? உன்னோடு பட்டது போதாதா? திரும்பவும் முதலிலிருந்தா? ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த கையோடு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன், ஏனென்றால் திட்டுவதற்கு எனக்கு வேறு ஆள் இல்லை.

மந்திர் மார்க் பள்ளி வாசலில்தான் உன்னை முதலில் பார்த்தேன். நம் பெண்கள் இருவரும் ஒரே வகுப்பு. மற்ற அப்பாக்கள் எல்லாம் அலுவலகம், இடமாற்றம், குவார்ட்டர்ஸ் என்று பேசிக்கொண்டிருக்க, நீ மட்டும் சாக்கடை மூடியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாய். என்னவென்று கேட்டதற்கு, "தண்ணி எந்தப் பக்கம் போவுதுன்னு பாக்கேன்" என்றாய். குமரிக் கடற்கரையில் பிறந்து, கடற்படையில் என்ஜின்களோடு பாதி ஆயுளைக் கழித்து, மனைவி ஸ்டெல்லாவுக்கு மத்திய அரசு மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்ததால் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் வந்து மாட்டிக்கொண்டவன் நீ. "கடல் இல்லாத ஊர்ல மனுசன் எப்படி லேய் திசை கண்டுபிடிக்கது?" என்று கேட்டாய். நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன், வங்கி வேலை, நீச்சல் தெரியாது. திசையைப் பற்றி அதுவரை நான் யோசித்ததே இல்லை.

அப்புறம் உனக்கு அந்தப் படகு நிலையத்தில் வேலை கிடைத்தது. ஆற்றங்கரையில் ஒரு தகரக் கொட்டகை, துடுப்புப் படகுகள் சில, மோட்டார் வைத்த படகு ஒன்றே ஒன்று. வெள்ளம் வந்தால் ஆற்றுப் படுகையில் காய்கறி போடுகிறவர்களைக் கரை சேர்க்க வேண்டியது அந்த ஒரே மோட்டாரின் வேலை. மற்ற நாளெல்லாம் அது சும்மா இருக்கும். நீ மட்டும் சும்மா இருக்கமாட்டாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அங்கே வர ஆரம்பித்தேன். குழாயைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று நீ சொன்னாய். வீட்டில் இருந்தால் பரணில் ஏறச் சொல்லுவாள் வசந்தா. குழாய் பிடிப்பதே மேல் என்று தோன்றியது.

உன் வழக்கம் ஒன்று இருந்தது. படகு கரைக்கு வந்ததும் என்ஜினைக் கழற்றி இரும்பு ஸ்டாண்டில் மாட்டுவாய். அடியில் நீளும் அதன் கால் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி நிற்கும். அப்படியே ஸ்டார்ட் செய்து ஓட விடுவாய். உள்ளே போன தண்ணீர் என்ஜினின் வயிற்றையெல்லாம் சுற்றிக் கழுவிக்கொண்டு, பக்கவாட்டில் இருக்கும் சின்னத் துளை வழியாக ஒரு கீற்றாகப் பீய்ச்சி அடிக்கும். அந்தக் கீற்றில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பாய், குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. "கடல்ல ஓடின எஞ்சினை உப்போட விட்டா கொள்ளாது. கரைக்கு வந்தா குளிப்பாட்டணும்" என்பாய். இது கடல் இல்லையே என்று கேட்டால், "இந்த ஆத்துல உப்பைத் தவிர பாக்கி எல்லாம் கெடக்கு, அதுக்கு ரெண்டு தடவை குளிப்பாட்டணும்" என்பாய். அதுவரை சரிதான். குழாயில் வரும் தண்ணீரைப் பிடித்து நீ கழுவிக்கொண்டிருந்த காலம்வரை அந்த என்ஜின் ஒரு நாள்கூடத் தகராறு செய்ததில்லை.

குழாய்த் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம் மட்டுமே வரும், அதற்கும் வரிசை நிற்கும். நிலையத்தில் குடிதண்ணீருக்கென்று பெரிய ஆர்.ஓ. மெஷின் வைத்தார்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை அது சுத்தம் செய்து ஒரு குழாயில் நல்ல தண்ணீரைக் கொடுக்கும். இன்னொரு குழாயில் கழிவு போகும். தில்லி முழுக்க அந்தக் கழிவுக் குழாயின் கீழே ஒரு பக்கெட் இருக்கும், தரை துடைக்க, கழிப்பறையில் ஊற்ற. நீ அந்தக் குழாயைப் பார்த்தாய். பகல் முழுக்கக் கண்ணாடி மாதிரி தண்ணீர் சாக்கடைக்குப் போவதைப் பார்த்தாய். உன்னால் தாங்க முடியவில்லை. எங்கிருந்தோ ஒரு நீல டிரம்மைக் கொண்டுவந்து குழாயை அதற்குள் விட்டாய். அன்று உனக்கு இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே. "ஒரு சொட்டு வீண் இல்ல. அதுவும் என்ன தண்ணி! மெஷின் தண்ணியாக்கும்!"

அடுத்த மழைக்காலத்தில் ஆறு ஏறியபோது என்ஜின் நடு ஆற்றில் நின்றது. படகில் சந்தோஷி இருந்தாள், படுகையில் கத்தரியும் சுரைக்காயும் போடுகிறவள், அவளுடைய இரண்டு பிள்ளைகள், ஒரு ஆடு. அலாரம் அலறி, என்ஜின் தானாகவே அணைந்து, படகு பழைய இரும்புப் பாலத்தின் தூண்களை நோக்கிப் பக்கவாட்டில் போக ஆரம்பித்ததாம். நீ துடுப்பை எடுத்து வலித்து எப்படியோ ஒரு கரையில் ஒதுக்கிவிட்டாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சந்தோஷி இறங்கியதும் உன்னைத் திட்டிய திட்டு அக்கம்பக்கத்து எருமைகளுக்கெல்லாம் கேட்டிருக்கும். அன்று மாலை கொட்டகையில் என்ஜினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாய். உன் உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. "அந்தச் சின்னவ என் சட்டையைப் பிடிச்சிட்டிருந்தா லேய். துடுப்பு போடவும் முடியல, கையை எடுன்னு சொல்லவும் முடியல" என்றாய். "இன்னொரு தடவை இது நிக்கப்பிடாது. நிக்கவே பிடாது."

அதிலிருந்து தொடங்கியது உன் பைத்தியம். ஓடிய நாளில் மட்டும் கழுவிக்கொண்டிருந்தவன் ஓடாத நாளிலும் கழுவ ஆரம்பித்தாய். காலையில் ஒரு குளியல், மாலையில் ஒரு குளியல், எல்லாம் அந்த நீல டிரம்மில். பம்பின் ரப்பர் இறக்கையை மாற்றினாய். அதுவும் சரியில்லை என்று மறுபடி மாற்றினாய். எண்ணெயைச் சந்தேகப்பட்டாய், பெட்ரோலைச் சந்தேகப்பட்டாய், என்ஜினைச் செய்த தேசத்தையே சந்தேகப்பட்டாய். டிரம்மை மட்டும் சந்தேகப்படவில்லை. நீ குளிப்பாட்டக் குளிப்பாட்ட அது இன்னும் சீக்கிரமாகச் சூடானது. அது சூடாகச் சூடாக நீ இன்னும் அதிக நேரம் குளிப்பாட்டினாய்.

காரணத்தை நான் கண்டுபிடித்தது ஒன்றும் பெரிய மூளையால் அல்ல. எங்கள் வீட்டுச் சமையலறையில் கருப்புக் கிரானைட் மேடை. ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரில் துணியை நனைத்து அதைத் துடைத்துவிட்டேன். வசந்தா பிடித்துக்கொண்டாள். "அந்தத் தண்ணியில மேடையைத் தொடைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? காஞ்சதும் பாருங்க, எவனோ கோலப்பொடியைக் கொட்டின மாதிரி இருக்கு!" பார்த்தேன். விரலால் தேய்த்தேன். போகவில்லை. மெஷின் நல்லதை எல்லாம் ஒரு பக்கம் பிரித்துக் கொடுத்துவிட்டு, தண்ணீரில் இருந்த சுண்ணாம்பையும் உப்பையும் மொத்தமாகச் சேர்த்து அந்தக் கழிவுக் குழாயில்தானே தள்ளுகிறது? வெறும் துணி ஈரத்துக்கே இந்தக் கதி என்றால், கொதிக்கிற என்ஜினுக்குள் இரண்டு வேளையும் அதையே ஓட விட்டால் என்ன ஆகும்? கெட்டில் மாதிரிதான் ஆகும்.

அந்த ஞாயிறு ஓடி வந்து சொன்னேன். "ஏய்யா, கோளாறு டிரம்முலதாம்யா இருக்கு. நீ கழுவுறதே அதுக்கு வெனையா இருக்கு."

நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "லேய் மக்கா, நீ சும்மா கெட."

"அது கழிவுத் தண்ணிய்யா."

"மெஷின்ல இருந்து வர்ற தண்ணியாக்கும். கண்ணாடி மாதிரி இருக்கு பாரு. எஞ்சினைப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்? நீ கள்ளநோட்டைப் பாரு."

சரி, வாயால் சொன்னால் கேட்கமாட்டாய் என்று அடுத்த வாரம் வீட்டிலிருந்து இரண்டு எவர்சில்வர் தட்டுகளைக் கொண்டுவந்தேன். ஒன்றில் டிரம் தண்ணீர், இன்னொன்றில் குடிக்கிற தண்ணீர். இரண்டையும் கொட்டகைத் தகரத்தின் மேல் வெயிலில் வைத்தேன். மதியத்துக்குள் இரண்டும் வற்றின. குடிதண்ணீர்த் தட்டு பளபளவென்று கிடந்தது. டிரம் தண்ணீர்த் தட்டில் வட்டம் வட்டமாக வெள்ளை. உன் மூக்குக்கு நேரே நீட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "தில்லித் தூசி" என்றாய்.

எனக்கு வந்த கோபத்துக்குத் தட்டாலேயே உன் தலையில் போட்டிருப்பேன். "தூசி ஒரு தட்டுல மட்டும் வந்து உக்காருமாய்யா?" என்று கத்தினேன். "காத்து அந்தப் பக்கம் அடிச்சிருக்கும்" என்றாய். மறு வாரம் தட்டுகளை இடம் மாற்றி வைத்தேன். அப்போது, "ஒன் தட்டு பழசு" என்றாய். அதற்கடுத்த வாரம் புதுத் தட்டு வாங்கி வந்தேன். "இப்ப விக்கது ஒண்ணும் நல்ல எவர்சில்வர் இல்ல" என்றாய். கடற்கரையில் வளர்ந்தவனுக்கு உலகத்தில் இரண்டே தண்ணீர். ஒன்று கடல். கடல் இல்லாத மற்றதெல்லாம் நல்லது. வீட்டுக் கிணற்றில் இளநீர் மாதிரி தண்ணீர் இறைத்தவனுக்கு, எங்கள் ஊர்க் குடங்களின் விளிம்பில் வெள்ளை கட்டிக்கிடந்ததை எப்படிப் புரிய வைப்பது?

கடைசியில் என்ஜின்தான் உன் வாயை மூட வேண்டியிருந்தது. மழைக்கு முன்னால் சோதனை ஓட்டம். நானும் படகில் இருந்தேன், இரண்டு மிதவைச் சட்டைகளை மாட்டிக்கொண்டு. இரும்புப் பாலத்தைத் தாண்டுவதற்குள் அலாரம் அலற ஆரம்பித்தது. உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். நீ அலாரத்தைப் பார்க்கவில்லை, போன வருடம் அந்தச் சின்னவள் உட்கார்ந்திருந்த பலகையைப் பார்த்தாய். அதற்கப்புறம் உன்னைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பேரும் துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்தோம். நான் போட்டது தண்ணீருக்குள் பாதி, காற்றில் பாதி.

என்ஜினைப் பிரித்து தெர்மோஸ்டாட்டைக் கையில் எடுத்தாய். கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளைச் சாமான். சூடேறினால் அது திறந்து தண்ணீருக்கு வழிவிட வேண்டும். உறைந்த வெண்ணெய் மாதிரி அதைச் சுற்றி வெள்ளை அப்பியிருந்தது. அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிட்வாய் நகருக்குப் போனோம். அங்கே நீ என்ன செய்தாய்? ஸ்டெல்லா பால் காய்ச்சும் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து அதற்குள் அதைப் போட்டாய், திறக்கிறதா என்று பார்க்க. இரவு டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஸ்டெல்லா சமையலறைக்குள் வந்தாள். "இது என்ன கறியாக்கும்?" என்றாள். நான் நைசாக ஹாலுக்கு வந்துவிட்டேன். பாத்திரம் பறக்கும் என்று எதிர்பார்த்தேன். பறக்கவில்லை. "இது தொறக்காதா?" என்று ஸ்டெல்லா கேட்பது மட்டும் கேட்டது. தண்ணீர் தளதளவென்று கொதித்தும் அது வாயைத் திறக்கவே இல்லை, உன்னை மாதிரியே.

"சரி, கழுவுவோம்" என்றாய் வெளியே வந்து. அப்பாடா என்று இருந்தது எனக்கு. அடுத்த நொடியே, "யமுனையில எல்லாரும் சோப்புத் தண்ணிய விடுதானுவ. அந்த நுரைதான் உள்ள போய் இப்படி கட்டியிருக்கு" என்றாயே, அதை நான் சாகும்வரை மன்னிக்கமாட்டேன்.

மளிகைக் கடையில் கேன் கேனாக வினிகர் வாங்கினோம், கூடவே ஒரு பெரிய பொட்டலம் டாட்ரி. பானிபூரித் தண்ணீருக்குப் போடுவார்களே, அந்தப் புளிப்பு உப்பு. கடைக்காரர், "வீட்டில் ஷாதி ஹை க்யா, பாய்சாப்?" என்று கேட்டார். கல்யாணம் இல்லை, குளியல் என்று நீ உன் உடைந்த இந்தியில் சொன்னதும் அவர் டாட்ரிப் பொட்டலத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று தயங்கினார்.

அந்த ஞாயிறை நான் மறக்கமாட்டேன். சின்னத் தொட்டியில் வினிகரும் டாட்ரியும் கலந்த வெந்நீர். தெர்மோஸ்டாட்டைத் தனியாக ஒரு கிண்ணத்து வினிகரில் ஊறப் போட்டுவிட்டு, என்ஜினின் காலைத் தொட்டிக்குள் இறக்கி மெதுவாக ஓட விட்டாய். சற்று ஓட விடுவது, அணைத்து ஊற விடுவது, மறுபடி ஓட விடுவது. முதலில் பக்கத்துத் துளையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. பிறகு நுரை. பிறகு துப்பியது, தேங்காய்த் துருவல் மாதிரி வெள்ளைச் செதில்கள். தொட்டியின் அடியில் படிந்துகொண்டே இருந்தன. மாலைக்குள் கீற்று நேராகப் பீய்ச்சி அடித்தது. நீ உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாய். நெடியில் இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வடிந்தது. நான் மிச்சமிருந்த செதில்களை ஒரு கை அள்ளி உன் முன்னால் நீட்டினேன், வாயைத் திறக்காமல்.

நீ அதைக் குனிந்து பார்த்தாய். எழுந்தாய். புளிப்புத் தண்ணீர் போகக் கடைசியாக ஒரு தடவை நன்றாக அலச வேண்டுமே, அதற்காக ரப்பர் குழாயை எடுத்துக்கொண்டு நேராக எங்கே போனாய்? நீல டிரம்முக்கு!

மனுஷனா நீ? ஓடிப் போய் டிரம்மின் மூடியைப் போட்டு அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். "எறங்கு லேய்" என்றாய். "மாட்டேன்." "வெளயாடாத, எறங்கு." "சந்தோஷியோட பிள்ளைகளை இந்தத் தண்ணிய நம்பி ஏத்துவியா நீ? ஏத்துவேன்னு சொல்லு, எறங்குதேன்." ஐம்பது வயதைத் தாண்டிய வங்கி அதிகாரி, டிரம்மின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். காவலாளி பீடியை வாயில் வைத்தபடியே வேடிக்கை பார்த்தான். நீ என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். அப்புறம் குழாயைக் கீழே போட்டுவிட்டு இரண்டு பக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு குழாய்த் தண்ணீருக்கு வரிசையில் போய் நின்றாய்.

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அடுத்த ஞாயிறு வந்து பார்த்தால் கழிவுக் குழாய் டிரம்மில் இல்லை, கொட்டகைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் கிடந்தது. நான் பார்ப்பதை நீ பார்த்தாய். "மரம் காயுது. பாவமா இருந்துச்சு" என்றாய்.

அந்த வருடம் ஆறு நன்றாகவே ஏறியது. தகவல் கேட்டு நான் வந்தபோது கரையெல்லாம் கட்டில், பாத்திரம், எருமை. நீ காலையிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்துகொண்டிருந்தாய். படுகைக் குடிசையின் கூரையில் பிள்ளைகளோடு நின்ற சந்தோஷி உன் படகில் ஏறமாட்டேன் என்றாளாம். "பீச் மே ருகேகா தோ நஹீ? போன வருஷம் மாதிரி நடுவில் நிற்காதே?" என்று கேட்டாளாம். நீ என்ஜினைத் தட்டி, "குளிப்பாட்டியாச்சு" என்று தமிழிலேயே சொன்னாயாம். அவளுக்கு என்ன புரிந்ததோ, ஏறிவிட்டாள். இதைப் பின்னால் அவளே என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

என்ஜின் நிற்கவில்லை. ஒரு தடவைகூட அலாரம் அடிக்கவில்லை. பொழுது சாயும்போது கடைசி நடையை முடித்து இறங்கினாய். ஸ்டாண்டில் மாட்டி, குழாய்த் தண்ணீரில் ஓட விட்டு, என் கையைப் பிடித்து இழுத்து அந்தக் கீற்றில் வைத்தாய். வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். இரண்டு பேரும் கையை எடுக்காமல் நின்றோம். இப்போது சொல்லுவான் என்று நினைத்தேன். நீ சொன்னது சரிதான் லேய் என்று, அந்த ஒரு வாக்கியத்தை. அவ்வளவு தட்டுகளுக்கும், டிரம் மேல் உட்கார்ந்ததற்கும் அது போதும் எனக்கு. நீ ஆற்றைப் பார்த்தாய். "இந்த வருஷம் யமுனையில தண்ணி நல்ல தண்ணி லேய். அதான் எஞ்சின் கம்முனு ஓடுது" என்றாய்.

அந்தக் குளிர்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய். சளி நெஞ்சில் கட்டிவிட்டது, ஆஸ்பத்திரிக்கு வாங்க என்று ஸ்டெல்லா தலைப்பாடாக அடித்துக்கொண்டாளாம். மிளகு ரசம் போதும் என்றாயாம். கொண்டுபோகும்போது நேரம் கடந்துவிட்டிருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் போன பிறகு ஸ்டெல்லா என்னிடம், "நான் சொல்லி ஒரு தடவை கேட்டிருப்பாரா? நீங்க சொல்லியாவது கேட்டிருக்காரா அண்ணே?" என்று கேட்டாள். "ஒரே ஒரு தடவை, அதையும் ஒத்துக்கிடல" என்றேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கு உன் மேல் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

கெட்டில் ஆறிவிட்டது. மிச்சத்தை ஞாயிறு போய்வந்து எழுதுகிறேன்.

*

போய்விட்டு வந்தாயிற்று.

கிளம்பும்போது வசந்தா என் பையைத் திறந்து பார்த்தாள். வினிகர் கேன்கள், டாட்ரி, அதோடு அந்த இரண்டு எவர்சில்வர் தட்டுகள். "தட்டு எதுக்கு?" என்றாள். "அவன் நம்ப மாட்டான்" என்றேன். மெட்ரோவில் ஆற்றைத் தாண்டும்வரை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அவன் தூசி என்றால் என்ன சொல்லுவது, காற்று என்றால் என்ன சொல்லுவது, தட்டு பழசு என்றால் என்ன சொல்லுவது. இந்தியில் சண்டை போட வார்த்தைகளைத் தேடித் தேடி அடுக்கி வைத்திருந்தேன். கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். நினைத்த மாதிரியே குழாய் மறுபடி நீல டிரம்முக்குள். தண்ணீர் வீணாகிறதே என்று காவலாளி எடுத்துவிட்டானாம். பாவி, அவனும் உன் ஜாதி.

"பிரமோத், இது மெஷினின் மிச்சத் தண்ணீர். கெடுதல் எல்லாம் இதில்தான் இருக்கிறது. இதில் என்ஜினைக் கழுவக் கூடாது. மரத்துக்கு விடு, என்ஜினுக்குக் குழாய்த் தண்ணீரைப் பிடி" என்றேன். சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு கை தட்டுகளின் மேல் இருந்தது.

"அச்சா?" என்றான். "டீக் ஹை, அங்கிள்ஜி." குனிந்தான், குழாயை உருவினான், வேப்பமரத்தடியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து, "அப்புறம்?" என்றான்.

அவ்வளவுதான். அப்புறம் என்ன என்று எனக்கே தெரியவில்லை. அவன் ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி எனக்கு அவன் மேல் ஆத்திரமாக வந்தது.

என்ஜினைக் கழுவினோம். நுரை வந்தது, செதில் வந்தது, கீற்று நேராக அடித்தது. கடைசி அலசலுக்கு அவன் தானாகவே குழாய்த் தண்ணீரைக் கொண்டுவந்தான். டிரம்மின் மேல் யாரும் ஏறி உட்கார வேண்டியிருக்கவில்லை. சந்தோஷி சுரைக்காய்க் கூடையோடு அந்தப் பக்கம் வந்தவள் நின்றாள். வானத்தைக் காட்டி, இந்த வருஷமும் வரும் போலிருக்கிறது என்றாள். பிறகு என்ஜினைக் காட்டி அதே கேள்வியைக் கேட்டாள், நடுவில் நின்றுவிடாது இல்லையா என்று. என் வாயில் வந்தது உன் சொல். "குளிப்பாட்டியாச்சு" என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒரு சுரைக்காயை எடுத்து என் பையில் வைத்துவிட்டுப் போனாள். நான் உள்ளங்கையைக் கீற்றில் வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. பக்கத்தில் இன்னொரு கைக்கு இடம் இருந்தது.

திரும்பும்போது மெட்ரோவில் கூட்டம். வண்டி குலுங்கும்போதெல்லாம் பைக்குள் தட்டுகள் ஒன்றோடு ஒன்று மோதி டங் டங் என்றன. பக்கத்தில் நின்ற பெண் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், தட்டுச் சத்தத்துக்காக என்று நினைத்தேன். "அங்கிள், ஆப் டீக் ஹைன்? உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்று கேட்டுத் தன் இருக்கையைக் கொடுத்தபோதுதான் என் முகம் நனைந்திருப்பது தெரிந்தது. வினிகர் நெடி என்று அவளிடம் பொய் சொன்னேன்.

பார்த்தாயா, இப்போது நான் சொன்னதை எல்லோரும் கேட்கிறார்கள். ஒரே வார்த்தையில் ஒத்துக்கொள்கிறார்கள். அதற்காகத்தானே அன்று அத்தனை ஞாயிறும் உன்னோடு மல்லுக்கட்டினேன். தட்டுகளைக் கழுவித் துடைத்துப் பழைய இடத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நீ ஒத்துக்கொள்ள வேண்டாம் லேய். தில்லித் தூசி என்று சொல்வதற்காகவாவது இருந்திருக்கலாம்.